சனிக்கிழமை ஓட்டு

புதுச்சேரி குபேர் அங்காடியில் மீனும் பூவும் வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்த அங்காடிக்குப் பெயர் தந்த குபேர் 1951-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? பிரெஞ்சிந்தியாவுக்கு அங்கே அப்போது இடம் இருந்தது. கடல் தாண்டிய மண்ணுக்கு இடம் தரும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், பிரான்சுக்குச் சொந்தமான சேன் பியேர்-மிக்கலோன் தீவுகள். மக்கள் ஏறக்குறைய 6,000 பேர். நம் ஊரில் இதை ஒரு பெரிய கிராமம் என்போம். பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவையின் 577 உறுப்பினர்களில் ஒருவர் இவர்களுக்கு, செனட்டிலும் ஒருவர். பிரான்சில் ஒரு தொகுதி என்றால் சராசரியாக லட்சம் பேருக்கு மேல். அநியாயம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து கத்தினால் பாரிஸுக்குக் கேட்காது. தீவுகளின் சொந்த மன்றத்திலும் இதே தாராளம்தான்: 19 இடங்களில் 4 மிக்கலோன் தீவுக்கு. அங்கே இருப்பதோ பத்தில் ஒரு பங்கு மக்கள்.

என்னைக் கவர்ந்தது நாள் கணக்கு. பாரிஸில் இரவு 8 மணிக்கு வாக்குச்சாவடி மூடும்போது இந்தத் தீவுகளில் மாலை 4 மணி. எல்லோருக்கும் ஞாயிறு என்று இருந்த காலத்தில், மாலையில் போனவர்கள் புதிய குடியரசுத் தலைவர் யார் என்று வானொலியில் கேட்டுவிட்டு ஓட்டுப்போடப் போக வேண்டியிருந்தது. சமைத்து முடித்த பிறகு உப்பு எவ்வளவு என்று கேட்ட மாதிரி! குடியரசுத் தலைவர் தேர்தலில் 2007 முதல் அமெரிக்கப் பக்கத்துப் பிரெஞ்சு மண்ணெல்லாம் ஒரு நாள் முந்தி, சனிக்கிழமையே வாக்களிக்கிறது.

அங்கே ஓட்டுப்போட விரலில் மை கிடையாது, பொத்தான் கிடையாது. வேட்பாளருக்கு ஒன்று வீதம் அச்சிட்ட சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைமறைவுக்குள் போய், ஒன்றை உறையிலிட்டு வரவேண்டும். உறை கண்ணாடி போன்ற பெட்டிக்குள் விழுந்ததும், "ஆ வோத்தே" என்று உரக்கச் சொல்வார்கள். 'ஓட்டுப்போட்டாயிற்று' என்று பொருள். பிறகு பட்டியலில் கையெழுத்து. எண்ணுவதும் வாக்காளர்களே, எல்லோர் கண் முன்னாலும்.

ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தல் என்றால், பிரான்சில் கடைசிச் சாவடி மூடும்வரை முடிவை வெளியிடக் கூடாது. எண்ணியவர் பக்கத்து வீட்டுக்காரர், பார்த்தவர் மைத்துனர். 6,000 பேர் ஊரில் ரகசியம் எத்தனை மணி நேரம் தாங்கும்? வானொலி மட்டும் ஞாயிறு மாலை 4 மணி வரை வாய் திறக்காது.