ஆறு வயது வரை காத்திருக்க முடியாது: ஆட்டிசக் குழந்தைகளின் ஆசிரியர் பயிற்சி குறித்த நிலைப்பாடு

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மற்ற பிள்ளைகள் பாட்டுக்குக் கை தட்டும்போது, மூலையில் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். சத்துமாவு உருண்டை விரலில் பிசுபிசுத்தால் அலறுவான். “இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்பார் பாட்டி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பால்வாடி எதிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம்.

எம்-சாட் என்ற கேள்விப் பட்டியலைக் கொண்டு ஆட்டிசத்தின் அறிகுறிகளை 16 மாதத்திலேயே கேட்டறியத் தொடங்கலாம். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்துதான் தருகிறது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்த கணக்கிலும் பால்வாடி வரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, பட்டமேற்பயிற்சி பெற்ற ஆரம்பநிலை இடையீட்டு ஆசிரியர் வட்டாரத்துக்கு ஒருவராவது வேண்டும். அந்தப் பயிற்சியில் பாதி வட்டாரத்திலேயே நடக்க வேண்டும். இதுவே இங்குள்ள பெற்றோர்–ஆசிரியர் கூட்டமைப்பின் நிலைப்பாடு.

பயிற்சி ஏன் நீள வேண்டும்? பிள்ளை தண்ணீருக்குக் கத்துகிறது. டம்ளரை உடனே நீட்டினால் கத்தல்தான் பழகும். டம்ளர் படம் போட்ட அட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, பிள்ளை அதை எடுத்து நீட்டிய நொடியில் ‘தண்ணி’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது கையைப் பிடித்து உதவுவது, அந்த உதவியை எப்போது குறைப்பது என்பதெல்லாம் மூன்று நாள் பயிலரங்கில் வராது. தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

முட்டுக்காடு கடற்கரையில் 2005இல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் ஆரம்பநிலை இடையீட்டுக்கான முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும் உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்ணுக்கு அந்தக் கடற்கரை வெகுதூரம்.

ஆகவே கூட்டமைப்பு கேட்பது மூன்று. உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை. பாடம் நிறுவனத்தில் என்றால், செய்முறைப் பயிற்சி வட்டார வள மையத்திலும் பால்வாடியிலும். படித்து முடித்தவருக்குத் தொகுப்பூதியம் அல்ல, காலமுறை ஊதியப் பணியிடம்.

பால்வாடிப் பணியாளருக்கே கற்றுக்கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அறிகுறியைக் கண்டுபிடிக்க அந்தப் பயிற்சி அவசியம். எடை போட்டு, பதிவேடு எழுதி, உணவையும் பார்த்துக்கொள்பவர் தலையில் அன்றாடப் பயிற்றுவிப்பையும் ஏற்றுவது நியாயமில்லை. கூட்டமைப்பு கேட்கும் ஆசிரியர் முறை வைத்து ஒவ்வொரு பால்வாடிக்கும் வருவார். பணியாளரோடு அந்தப் பாட்டியையும் உட்கார வைத்து, டம்ளர் அட்டையை அவர் கையிலும் கொடுத்துப் பழக்குவார்.