ஒன்பது கிழமைக் கடிதங்கள்

அமெரிக்காவில் ஒரு பிள்ளை கடற்படையில் சேர்ந்து வீட்டை விட்டுப் போய்ச் சில நாட்கள் கழியும். அதன்பின் வாசலுக்கு ஒரு கடதாசிப் பெட்டி வந்து சேர்வதுண்டு. திறந்து பார்த்தால் அவன் போகும்போது உடுத்திருந்த கால்சட்டை, ஷேர்ட், சப்பாத்து. பயிற்சி முகாமுக்குள் நுழைந்ததும் சொந்த உடுப்பைக் களைந்து சீருடைக்கு மாறிவிட வேண்டும். களைந்ததை யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடலாம், அல்லது வீட்டுக்கு அனுப்பலாம். பெரும்பாலும் அவனுடைய கடிதம் வருமுன்பே உடுப்பு வந்துவிடும். பிள்ளை இல்லாமல் உடுப்பு மட்டும் வீடு திரும்புவது எந்தத் தாயின் மனதுக்கும் ஒப்பாத காரியம். அந்த ஷேர்ட்டை முகர்ந்து பார்த்து அழாத உம்மாமார் குறைவு.

சகோதரிகளே, இம்முறை அப்படியொரு பெட்டி வந்த வீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கடற்படை என்றதும் எமது நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு ஞாபகம் வரும். அதைக் கிளறுவது நோக்கமல்ல. ஒரு வல்லரசின் படையில் பிள்ளைகள் சேர்வது சரியா பிழையா என்ற வாதத்துக்கும் இங்கு இடமில்லை. பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பிள்ளையொன்று, கண்டிப்பு மிகுந்த ஓரிடத்தில், நினைத்த நேரம் வீட்டாருடன் பேச முடியாமல் இருக்கும்போது வீட்டிலுள்ளவர்கள் எப்படித் துணை நிற்பது? அதுதான் கேள்வி. சவூதிக்கும் குவைத்துக்கும் ஆட்களை அனுப்பிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்த எமது வீடுகளுக்கு இது அவ்வளவு அந்நியமான விடயமும் அல்ல.

அமெரிக்கக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேரும் எவரும் முதலில் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் என்ற தளம். 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முன்னர் சான் டியாகோவிலும் ஒர்லாண்டோவிலும் இதுபோன்ற முகாம்கள் இருந்தன. 1990களில் அவை மூடப்பட்டபின் நாடு முழுவதிலுமிருந்து எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர், ஆண்களும் பெண்களும். பயிற்சிக் காலம் நெடுநாளாக ஏறக்குறைய எட்டு வாரமாக இருந்தது. 2022இல் பத்து வாரமானது. 2025இலிருந்து ஒன்பது வாரம்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் இரவு ஓர் அழைப்பு வரும். "வந்து சேர்ந்துவிட்டேன், சுகமாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. குரல் வேறு யாருடையதோ போல இருக்கும். பின்னால் யாரோ சத்தமிடுவது கேட்கும். "சாப்பிட்டாயா?" என்று கேட்பதற்குள் அழைப்பு முடிந்துவிடும். என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துத்தான் பேச விடுகிறார்கள். இதை முன்கூட்டியே அறியாத தாய்மார், பிள்ளைக்கு என்னமோ நடந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அன்றிரவு வந்திறங்கிய எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள்.

அதன்பின் நீண்ட மௌனம். இடையிடையே, அவர்கள் அனுமதிக்கும் நேரத்தில் மட்டும், சுருக்கமான அழைப்பு வரலாம். அந்த மௌனத்தை நிரப்ப வீட்டாரின் கையில் இருப்பது பழைய காலத்துக் கடிதம்தான். கைபேசியில் நாளுக்கு நூறு செய்தி அனுப்பிப் பழகிய குடும்பங்கள் முத்திரை வாங்கத் தபாலகம் போகின்றன! பிள்ளையின் பெயர், அவன் தங்கும் கட்டடத்தின் இலக்கம், அவனது பிரிவின் இலக்கம் எல்லாம் சரியாக இருந்தால்தான் கடிதம் போய்ச் சேரும். கட்டடத்தை அங்கே 'கப்பல்' என்பார்கள். தரைக்குத் தளம் என்று பெயர். சுவருக்கும் கழிப்பறைக்கும்கூடக் கப்பற் பெயர்தான். முகவரி கைக்கு வரச் சில நாள் எடுக்கும். அதுவரை எழுதி எழுதி வைத்துக் கொள்ளுங்கள், இலக்கமிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. முகவரி கிடைத்த அன்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தபாலில் போடலாம். தின்பண்டப் பொதி அனுப்பும் ஆசையை மட்டும் அடக்கிக் கொள்ள வேண்டும். அதை உள்ளே விடமாட்டார்கள். அவனுக்கு வீண் சங்கடமாகவும் முடியும்.

கடிதத்தில் என்ன எழுதுவது? இதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. "நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, உம்மும்மா சாப்பிடுவதே இல்லை, நான் அழாத நாளில்லை" என்று எழுதினால் அன்பு அதில் நிறையத்தான் இருக்கும். ஆனால் வாசிக்கிறவன் எங்கே இருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழும்பி, பகலெல்லாம் அணிநடையும் வகுப்பும் உடற்பயிற்சியும் முடித்து, நடுராத்திரியில் காவல்முறை வந்தால் அதற்கும் எழும்பி நிற்கிறவன். கடிதம் வாசிக்கக் கிடைப்பதே சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் வீட்டுத் துக்கத்தையும் அவன் தலையில் ஏற்றினால், எதுவும் செய்ய முடியாத இடத்திலிருந்து அவன் தவிப்பான். பக்கத்து வீட்டுப் பூனை கராஜுக்குள் நாலு குட்டி போட்டதை எழுதுங்கள். தம்பி கணக்கில் எத்தனை புள்ளி எடுத்தான், வாப்பா சமைக்கப் போய் எதைக் கருக்கினார், எந்தக் கிரிக்கெட் அல்லது கூடைப்பந்து அணி வென்றது என்று எழுதுங்கள். வீடு விட்ட இடத்திலேயே இருக்கிறது என்பதைத்தான் அவன் அந்தக் கடதாசியில் தேடுகிறான்.

அப்படியானால் வீட்டில் உண்மையாகவே பெரிய காரியம் நடந்துவிட்டால் மறைப்பதா? கூடாது. மௌத்து, கடும் சுகவீனம் போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. குடும்பத்தார் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அறிவித்தால், அவர்கள் செய்தியை விசாரித்து உறுதிப்படுத்திப் படையதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள். பிள்ளை அகால நேரத்தில் தனியே ஒரு கடிதத்தைப் பிரித்து அறிவதை விட இது எவ்வளவோ மேல். மகனோ மகளோ புறப்படுமுன் அந்தத் தொலைபேசி இலக்கத்தை எழுதிச் சமையலறையில் ஒட்டி வைப்பது புத்தி.

அவன் எழுதும் முதற் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் முறைப்பாடுகளால் நிரம்பியிருக்கும். தொண்டை கட்டிவிட்டது, தூக்கம் போதவில்லை, பிழை செய்தது ஒருத்தன், தண்டனை எல்லோருக்கும், வந்திருக்கவே கூடாது. வாசித்த தாய் உடனே யாருக்காவது தொலைபேசி எடுத்து மகனைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமா என்று துடிப்பாள். சற்றுப் பொறுங்கள் உம்மா. அந்தக் கடிதம் எழுதி ஒரு கிழமை ஆகியிருக்கும். நீங்கள் கண்ணீரோடு வாசிக்கும் நேரத்தில் அவன் அந்தக் கஷ்டத்தைத் தாண்டி வேறொரு கஷ்டத்தில் இருப்பான். மனதிலுள்ளதைக் கொட்ட அவனுக்கு வேறு ஆளில்லை, உங்களிடம் கொட்டினான். அதற்கு எழுதும் பதிலில் புத்திமதியைக் குறைத்துக் கொள்ளுங்கள். புத்தி சொல்ல அங்கே நாள் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி, எல்லா வீடும் சம்மதித்து அனுப்பிய வீடல்ல. அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும் படையில் சேரும் பிள்ளைகள் உண்டு. ஒரு வீட்டில் வாப்பா பெருமைப்படுவார். இன்னொரு வீட்டில் மகன் கையொப்பமிட்ட நாளிலிருந்து பேச்சே நின்றிருக்கும். கல்லூரிக்குப் போகச் சொன்னோம், கேட்கவில்லையே என்ற ஆத்திரம் ஒரு புறம். எந்தக் கரைக்கு, எவருக்கு எதிராக அனுப்புவார்களோ என்ற அச்சம் மறுபுறம். இரண்டும் நியாயமில்லாதவை அல்ல. ஆனால் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று நூறு தடவை சொல்லிய பிறகும் மகனுக்குக் கடிதம் எழுதலாம். எழுதுவதால் அவன் முடிவுக்கு நீங்கள் ஒப்புதல் முத்திரை குத்தியதாக ஆகிவிடாது. எழுதாமல் விட்டால் அவன் படிக்கும் பாடம் ஒன்றுதான்: வீட்டாரின் சொல் கேட்டால்தான் வீடு. அந்தப் பாடத்தோடு கப்பலேறும் பிள்ளை நாளைக்கு ஓர் இக்கட்டில் மாட்டினால் யாரிடம் ஆலோசனை கேட்பான்? வாப்பா எழுத மறுத்தால் உம்மா எழுதட்டும். உம்மாவுக்கும் மனமில்லையென்றால் ராத்தாவோ தங்கையோ எழுதட்டும்.

மார்க்க விடயங்களைக் கையொப்பமிடுமுன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக் கொள்வது நல்லது. தொழுகை, உணவு, தாடி, மகளென்றால் தலைமறைப்பு. ஆட்சேர்க்கும் அதிகாரி வாயால் "பிரச்சினை இல்லை" என்று சொல்வதை முகாமில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றில்லை. அமெரிக்கக் கடற்படையில் மார்க்கப் பணிக்கென முதல் முஸ்லிம் அதிகாரி நியமிக்கப்பட்டது 1996இல்தான். மலக் இப்னு நோயல் என்பவர். ஆகவே வழி இருக்கிறது, ஆனால் வழியைத் தேடிக் கேட்க வேண்டும்.

பயிற்சியின் உள்விபரங்களை அறிந்து வைத்திருப்பது தாய்மாருக்கு நல்லதா என்று எனக்கு முழு நிச்சயமில்லை. சிலருக்கு அறிந்தால் ஆறுதல், சிலருக்கு அறிந்தால்தான் பயம். நீச்சற் பரீட்சையைப் பாருங்கள்: உயரத்திலிருந்து ஆழமான தண்ணீரில் குதிக்க வேண்டும், 50 யார் நீந்த வேண்டும், ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். கடற்படைக்கு வருகிறவர்களில் நீந்தவே தெரியாத பிள்ளைகளும் உண்டென்றால் நம்புவீர்களா? அவர்களுக்குத் தனியே கற்பிக்கிறார்கள். கண்ணீர்ப்புகை நிரம்பிய அறைக்குள் முகமூடியைக் கழற்றச் சொல்லும் பயிற்சியும் உண்டு. கடைசியில் ஓர் இரவு முழுதும், ஏறக்குறைய 12 மணித்தியாலம் நீளும் சோதனை. 2007இலிருந்து இதற்கென்று கட்டடத்துக்குள்ளேயே 210 அடி நீளமான கப்பல் மாதிரியொன்றைத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறார்கள். ட்ரேயர் என்று பெயர். அதற்குள் தீ பற்றும், அறைக்குள் தண்ணீர் புகும், காயப்பட்டவர்களைத் தூக்கி வர வேண்டும். 2000 ஒக்டோபர் 12ஆம் திகதி ஏடன் துறைமுகத்தில் கோல் என்ற கப்பல் தாக்கப்பட்டு 17 மாலுமிகள் மாண்டார்கள். அன்று அக்கப்பலில் நடந்தவற்றிலிருந்து கற்றதையும் இந்தச் சோதனையில் சேர்த்திருக்கிறார்கள். விடியும்போது 'பயிலுநர்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றி 'கடற்படை' என்று எழுதிய தொப்பியைத் தருவார்கள். அதன்பின் வீட்டுக்கு வரும் அழைப்பில் அழுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

எல்லோரும் குறித்த நாளில் அந்த இடத்துக்கு வருவதில்லை. ஓட்டத்திலோ நீச்சலிலோ தவறினால், காலில் அடிபட்டால், பிள்ளையைப் பின்னால் வரும் வேறொரு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். விடுகை விழா தள்ளிப் போகும். வீட்டாரோ விமானச் சீட்டு, ஹோட்டல் அறை எல்லாவற்றுக்கும் காசு கட்டியிருப்பார்கள். மாமிமார், மச்சான்மார் எல்லாம் லீவு எடுத்திருப்பார்கள். "இத்தனை பேர் உனக்காக ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்ற ஒரு வரி அந்நேரத்தில் அவனுக்கு எப்படியிருக்கும்! முதற் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: எந்த நாளாக இருந்தாலும் வருவோம் என்று. திகதி மாற்றக்கூடிய சீட்டையே வாங்குங்கள்.

சிலர் முடிக்காமலே வீடு திரும்புகிறார்கள். உடம்பு இடம் கொடுக்காதவர்கள், மனம் இடம் கொடுக்காதவர்கள், வைத்தியப் பரிசோதனையில் முன்பு தெரியாத நோய் தெரிய வந்தவர்கள். வழியனுப்ப விருந்து வைத்த அதே வீட்டுக்குத் தலை குனிந்து வருவது, பத்தொன்பது வயதில் சிறிய காரியமல்ல. அவன் வரும் நாளில் வீட்டில் கூட்டம் வேண்டாம். "ஏன் வந்தாய்?" என்று கேட்கும் உறவினரை வாசலிலேயே சமாளிப்பது உம்மாவின் வேலை. அவனாகச் சொல்லும் வரை யாரும் கேட்கக் கூடாது. ஒரு மாதமானாலும் சரியே. சாப்பாடு போடுங்கள், தூங்க விடுங்கள்.

விழாவுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே, அதுவும் எண்ணிச் சிலர்தான், அடையாள அட்டையோடு உள்ளே போகலாம். அதனால் மனத்தாங்கல் வரும். இன்னாரை விட்டுவிட்டான் என்று. பெயர் கொடுக்கும் பொறுப்பு அவனுடையது, அதில் தலையிட்டு அவனை வதைக்காதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது யாரையுமே உள்ளே விடவில்லை. ஓராண்டுக்கு மேலாகக் குடும்பங்கள் வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்தன. மீண்டும் கதவு திறந்தது 2021இல்.

மண்டபத்துக்குள் பிரிவு பிரிவாக அணிவகுத்து வருவார்கள். ஒரே உடுப்பு, ஒரே முடிவெட்டு. பெற்ற தாய்க்கே எது தன் பிள்ளை என்று உடனே தெரியாது; நடையை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. முடிவில் அவர்களுக்கு ஓய்வு என்று அறிவித்ததும் இருக்கைகளிலிருந்து சனம் இறங்கி ஓடும். அவன் நின்ற இடத்திலேயே நிற்பான், நீங்கள் போய்த் தொட வேண்டும்.

கையில் கிடைப்பது சில மணித்தியாலம். சிக்காகோ முழுவதையும் சுற்றிக் காட்டத் திட்டம் போடாதீர்கள். அவனுக்கு வேண்டியது நல்ல சாப்பாடு, சொந்தக் கைபேசி, சாய்ந்திருக்க ஓரிடம். கோழியைக் கடித்தபடியே கண் சொருகிவிட்டால் எழுப்ப வேண்டாம். வேகமாக விழுங்குவான், கேட்டதற்கெல்லாம் "ஆம் சேர்" என்பான். சிரிக்காதீர்கள். அடுத்தது தொழிற் பயிற்சிப் பாடசாலை. சிலருக்கு அதே தளத்தில், சிலருக்கு விமானமேறிப் போகும் தூரத்தில். பிரியுமுன் புதிய முகவரியைக் கேட்டு, அவன் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிக் கொள்ளுங்கள்.