'இன்னும் வலிக்கிறது' என்று குழந்தை சொன்னால்

6 வயதையொட்டி முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல், சில குழந்தைகளுக்கு முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக இருக்கும். முன்பற்களிலும் அத்தகைய திட்டுகள் தென்படலாம். இது பல் துலக்காததால் படிந்த கறையன்று. பல் ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே எனாமலில் தாதுச்சத்து முழுமையாகப் படியாமற்போனதன் விளைவு. உலக அளவில் ஏறத்தாழ 7 அல்லது 8 குழந்தைகளில் ஒருவருக்கு இக்குறை உண்டு. பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் சொல்ல விரும்புவது வலியைப் பற்றி. இத்தகைய எனாமலில் நுண்துளைகள் மிகுதி. குளிர்ந்த நீரும் காற்றும்கூட அதன் வழியே உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டிவிடுகின்றன. நாளடைவில் நரம்புப்பகுதி அழற்சியுற்று, மரத்துப்போவதற்கான ஊசி முழுமையாக வேலை செய்யாமற்போகிறது. உதடு மரத்திருக்கும்; பல் மரத்திராது. அந்நிலையில் அழும் குழந்தையிடம், 'ஊசிதான் போட்டாயிற்றே, இன்னும் என்ன வலி?' என்று பெற்றோர் கேட்கின்றனர். மருத்துவர்களாகிய நாங்களும் கேட்டிருக்கிறோம். அக்கேள்வி தவறானது. குழந்தை பொய் சொல்லவில்லை.

2002-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், இக்குறை கடுமையாக இருந்த 9 வயதுக் குழந்தைகள் ஏனையோரைவிட ஏறத்தாழ 10 மடங்கு மிகுதியாகப் பல் சிகிச்சை பெற்றிருந்தனர். அவர்களிடம் அச்சமும் மிகுந்திருந்தது. வலித்த நினைவோடு மீண்டும் மீண்டும் நாற்காலியில் அமரும் குழந்தை வாய் திறக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எங்களால் ஏற்க இயலவில்லை.

வலியைக் குறைக்க வழிகள் உள்ளன. சிகிச்சைக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்துத் தரும் வலிநிவாரணி பலருக்கு உதவுகிறது. தாமாகக் கொடுத்துவிடக் கூடாது. காற்றைப் பீய்ச்சாமல் பஞ்சினால் ஒற்றி ஈரம் எடுக்கலாம். கூடுதல் ஊசியோ, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோ தேவைப்படலாம். அன்றைக்கு வலி அடங்காவிடில், குடையாமலே சிமெண்டினால் பல்லைத் தற்காலிகமாக மூடி, வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நன்று. மற்றுமொரு நாள் விடுப்பும் பயணமும் குடும்பத்துக்குச் சுமை என்பதை அறிவோம். ஆயினும் அழுத்திப் பிடித்து முடிப்பதைவிட அதுவே மேல்.

சிகிச்சையைத் தொடங்குமுன் எங்களிடம் சொல்லுங்கள்: குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறதா, எந்தப் பக்கம் மெல்ல மறுக்கிறது, முன்பு ஊசி போட்டும் வலித்ததா. குழந்தை கை உயர்த்தினால் கருவியை நிறுத்திவிடுவோம் என்பதையும் வீட்டிலேயே அதனிடம் கூறி அழைத்து வாருங்கள்.