பட்ட மரம் விறகுக்கு மட்டும்தானா?

வளவில் நிற்கிற தேக்கு ஒன்று உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருது. வீட்டில் என்ன நடக்கும்? முதல் வருசம் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். "மாரி மழைக்குத் துளிர்க்கும்" என்று அம்மம்மா சொல்லுவா. அடுத்த வருசம் மரம் வாங்குறவர் வருவார். சுற்றிப் பார்த்துவிட்டு, "வருத்தக்கார மரம் தம்பி, விறகுக்குத்தான் சரி" என்று ஒரு விலை சொல்லுவார். நாங்களும் தலையாட்டுவோம். இருபது முப்பது வருசம் வளர்ந்த மரம் ஒரே பின்னேரத்தில் லொறி ஏறிவிடும்.

நோய் வந்த மரத்தை விற்கிறது பிழையில்லை. என்ன நோய், அது மரத்தின் எந்தப் பகுதியில் இருக்கு என்று பார்க்காமல் விற்கிறதுதான் பிழை.

எல்லா நோயும் பலகையைக் கெடுக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சின்ன வண்டு பெருந்தொகையான பைன் மரங்களைக் கொன்றது. வண்டோடு வந்த பூஞ்சை மரத்தை நீலமாக்கியது. அந்த நீலம் வெறும் கறை, பலத்தைக் குறைக்காது. அங்கே அதை 'டெனிம் பைன்' என்று பெயர் வைத்தே விற்றார்கள். எங்கட நாட்டிலும் 2006இல் வெலிகமவில் தென்னை இலை வாடல் நோய் வந்து, நோய் கண்ட மரங்களைத் தறிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கிருமி உயிருள்ள மரத்தின் சாற்றுக்குழாய்களில்தான் வாழும். அறுத்துக் காய்ந்த பலகையில் அதற்கு வாழ்வில்லை.

ஆனால் செவ்வண்டு விழுந்த தென்னை வேற கதை. குருத்தும் தண்டும் புழுவால் நிறைந்திருக்கும். அந்தத் துண்டை அடுத்த ஊருக்கு ஏற்றினால் வண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறோம். புழு உள்ள பகுதியை வளவிலேயே பிளந்து எரிக்க வேணும். பட்ட தென்னையை அப்படியே உக்க விட்டாலும் ஆபத்துத்தான். உக்கின குற்றியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

தேக்கில் பார்க்க வேண்டியது வைரத்தை. வெளிவெள்ளையைப் பூச்சி அரித்திருந்தாலும் உள்வைரம் நல்லாயிருக்கலாம். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் என்றால் சத்தமே சொல்லும். கத்தி முனை சுலபமாக இறங்கினால் அது உக்கல், அந்தத் துண்டு அடுப்புக்கு. இறங்காத துண்டு கதவு நிலைக்கோ மேசைக்கோ உதவும். அறுத்த பலகையை நிழலில், இடையில் சிலாகை வைத்து அடுக்கிக் காயவிட வேணும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் உக்க வைக்கிற பூஞ்சை வளராது.

இதற்கெல்லாம் நேரம் முக்கியம். பட்ட மரம் நிற்கிற ஒவ்வொரு மாரிக்கும் உக்கல் உள்ளே போகும். இங்கேதான் அனுமதிச் சிக்கல் வருது. பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேணும். தேக்கை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதிப்பத்திரம் வேணும். அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நோய் என்று சொல்லி நல்ல மரத்தையும் தறிப்பார்கள். ஆனால் நோய் மரத்துக்கென்று ஒரு விரைவு வழி இருக்கலாம்தானே? கிராம உத்தியோகத்தரும் வன அலுவலரும் ஒரே நாளில் வந்து பார்த்து, அந்தக் கிழமையே முடிவு சொன்னால் மரமும் மிஞ்சும், சட்டமும் மிஞ்சும். தாமதமானால் மரம் விறகாகும், இல்லாவிட்டால் களவாகப் போகும். இரண்டிலும் நட்டம் வளவுக்காரருக்குத்தான்.

இதைத் திருகோணமலையில் இருந்து சொல்ல எங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. சாவண்டலை மரத்துக்கு, சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலேயர் மர வியாபாரத்தில் வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'. இங்கிருந்து சென்னைக்குப் போய், அங்கே அலையை உடைத்துக்கொண்டு கரைக்கு வந்த மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. ஒரு காலத்தில் மரத்தின் தரத்துக்கே பெயர் கொடுத்த ஊர், இன்றைக்கு வளவில் நிற்கிற தேக்கைத் தட்டிக்கூடப் பார்க்காமல் விறகு விலைக்குக் கொடுக்குது.

அடுத்த முறை விறகு விலை சொல்ல ஆள் வந்தால், முதலில் ஒரு கோடாரியை எடுத்துத் தட்டிப் பாருங்கள். விலையை அதற்குப் பிறகு கதைக்கலாம்.