எல்லையில் நிற்கும் புளிப்பு

டிசம்பர் 24ஆம் தேதி மதியம் பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: கள் கிடைத்ததா? குடிப்பதற்கு அல்ல, மறுநாள் காலை அப்பத்துக்கு.

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பாறசாலை, இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர, தென்னையும் மரச்சீனியும் பேச்சின் இழுவையும் மாறுவதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் இவை. அக்காள் பாறசாலையிலும் தங்கை களியக்காவிளையிலும் வாழ்க்கைப்படுவது இங்கே சாதாரணம். கிறிஸ்துமஸ் காலையில் ஆலயம் போய் வந்ததும் இரு வீட்டுத் தட்டிலும் விழுவது அப்பமும் இறைச்சிக் கறியும்தான். இருவருக்கும் பக்குவம் சொல்லித் தந்தவள் ஒரே தாய். ஆனால் அக்காளின் மாவில் கள், தங்கையின் மாவில் ஈஸ்ட். இந்த வித்தியாசத்தைச் செய்தது சமையல் அல்ல, சட்டம்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் கிடையாது. இறக்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம். கேரளம் 1996 ஏப்ரல் 1 அன்று சாராயத்துக்குத் தடை போட்டது. கள்ளில் கை வைக்கவில்லை. உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதே பாட்டிலோடு எல்லையைத் தாண்டினால் அவர் குற்றவாளி. பிராந்தியையும் ரம்மையும் அரசே கடை திறந்து விற்கும் மாநிலத்தில் அப்ப மாவுக்கு ஒரு டம்ளர் கள் கிடைக்காது என்பதில் உள்ள வேடிக்கையை எல்லைப்புறப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கிலோ பச்சரிசிக்கு ஒரு டம்ளர் கள் தாராளம். அரிசியை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, இடித்துச் சலிக்க வேண்டும். சலித்ததில் மிஞ்சும் நொய்யைத் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். கேரளப் பக்கம் இதைக் 'கப்பி காய்ச்சுவது' என்பார்கள். இந்தக் கஞ்சிதான் அப்பத்தின் நடுப்பகுதிக்கு மெத்தென்ற தன்மையைத் தருகிறது. இதைத் தவிர்த்து மாவை மட்டும் கரைத்தால் அப்பம் ஆறியதும் விறைத்துப்போகும். மாவு, கஞ்சி, அரைத்த தேங்காய், ஒரு கை சர்க்கரை, கடைசியாகக் கள். உப்பை மட்டும் சுடுவதற்குச் சற்று முன்பு போடுவது வழக்கம், முதலிலேயே போட்டால் புளிப்பு மந்தப்படும். ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கி, மேலே சிறு குமிழ்கள் வெடிக்கும். காதை வைத்தால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும்.

குமிழ் விடுவது கள்ளில் இயற்கையாகவே வாழும் நொதி உயிர்கள். கடையில் விற்கும் ஈஸ்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே வகை. மாவை உப்பவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. கள்ளில் ஈஸ்டோடு புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் கூடி வாழ்கின்றன. லேசான புளிப்பு, லேசான இனிப்பு, பின்னால் வரும் ஒரு மணம் எல்லாம் அந்தக் கூட்டு வேலையின் பலன். சாராயச் சத்தோ அப்பச் சட்டியின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. கள்ளப்பம் தின்று யாரும் தள்ளாடியதாகச் செய்தி இல்லை.

கறியில் இவ்வளவு சிக்கல் இல்லை. இரண்டாம் தேங்காய்ப் பாலில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகும். முதற்பால் இறக்கும் நேரத்தில் விழும், கொதித்தால் திரிந்துவிடும். ஆங்கிலேயரின் 'ஸ்டூ' கேரளத்தில் 'இஷ்டு' ஆகி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து, பிறந்த ஊரை மறந்துவிட்டது. அமெரிக்கப் பண்டிகை விருந்தில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்து, இறைச்சிச் சாற்றில் ஊறவைத்து, வான்கோழியின் வயிற்றில் திணித்துச் சுடுகிறார்கள். சாற்றை உறிஞ்சுகிற அதே வேலையை இங்கே அப்பம் தட்டிலேயே செய்துவிடுகிறது, அடுப்புக்கு இரண்டாம் முறை போகாமல்.

அப்பமும் கள்ளும் அண்டை வீட்டார் என்பது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்து வணிகர்களை வரிசைப்படுத்தும்போது, அப்பம் விற்கும் கூவியருக்கு அடுத்தபடியாகக் கள் விற்கும் பெண்களைத்தான் சொல்கிறது. பைபிளை மொழிபெயர்த்தவர்களும் கோதுமை ரொட்டிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அப்பம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு. பாலஸ்தீனத்து ரொட்டி தென் திருவிதாங்கூர் அடுக்களைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தது அதனால்தான்.

சபைக்கும் கள்ளுக்கும் இருந்த உறவு வேறு கதை. லண்டன் மிஷன் இந்தப் பகுதியில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். ஜான் ஆப்ஸ் பாதிரியார் பாறசாலையிலேயே தங்கிப் பணியாற்றினார். சபையில் சேர்ந்தவர்களில் பனையேறிப் பிழைத்தவர்கள் ஏராளம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் கள். மிஷனரிகள் முன்னதை வாழ்த்தி, பின்னதைக் கண்டித்தார்கள். சுண்ணாம்பு ஒரு விரலளவுதான், நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் இடையே.

இந்த எல்லைக்கோடு வந்தது 1956 நவம்பர் 1 அன்று. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையின் தென் பகுதியையும் சேர்த்தே கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பிறகு தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர் பேராயமும் 1959இல் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. அரசு பிரித்ததைச் சபையும் பிரித்துக்கொண்டது. மாவுப் பானையைப் பிரித்தது கள் தடைச் சட்டம்.

கேரளப் பக்கத்து அக்காளுக்கும் இன்று எல்லாம் சுலபமில்லை. பனை சீசன் தொடங்குவதற்குள் கிறிஸ்துமஸ் கழிந்துவிடும், டிசம்பரில் தென்னங்கள்தான். தென்னை ஏறிக் கள் இறக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் வருவது பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து. அதுவும் ஒரு தமிழ் எல்லைதான். அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் குலுங்கி வந்த கள், வீட்டுத் தென்னை சும்மா நிற்கும் தோட்டத்தைக் கடந்து மாவுப் பானைக்குப் போகிறது. வழியில் அதில் என்னென்ன சேர்ந்தது என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. கண்ணால் பார்த்து வாங்கிய கள் இல்லையென்றால் ஈஸ்டே மேல் என்று சொல்லும் வீடுகள் பாறசாலையிலும் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தங்கை வீட்டில் மாற்று வழி உண்டு. தேங்காய் உடைத்த தண்ணீரில் சர்க்கரை போட்டு ஒரு நாள் மூடி வைத்தால் அது நுரைக்கும். அதை மாவில் ஊற்றி, துணைக்கு ஒரு சிட்டிகை ஈஸ்ட். அப்பம் பூப்போலத்தான் வரும். ஆனாலும் 24ஆம் தேதி மாலை எல்லை தாண்டிப் போன் போகும்.

"மைனி, கள்ளு கிட்டிச்சா?"

"கிட்டிச்சு. நீ ஒண்ணும் வாங்காண்டாம். மாவு கலக்கிப் பய கிட்ட குடுத்து விடுகேன்."

கள் எல்லை தாண்டக் கூடாது. கள் குடித்த மாவைப் பற்றி எந்தப் போலீஸ்காரரும் இதுவரை கேட்டதில்லை. பையன் பஸ்ஸில் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வருவான். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது என்பது மட்டும்தான் மைனியின் கட்டளை. குலுக்கலில் மாவு பொங்கினால் களியக்காவிளை வருவதற்குள் மூடியைத் தள்ளிவிடும்.