ஐந்து வயதுக்குள் கை கொடுங்கள்: மீஞ்சூர், பழவேற்காடு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



மீஞ்சூர் ஒன்றியத்தின் கடலோரக் குப்பங்களிலும் பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலும் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றோடு வளரும் சிறு குழந்தைகளின் பெற்றோரும், எங்களுக்குத் துணை நிற்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது பண உதவி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தலை நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காத குழந்தைக்கும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கும் முதல் ஐந்தாறு வயதுதான் உயிரான காலம். மூளை வேகமாக வளரும் அந்த வயதில் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தவறாமல் கிடைத்தால், உட்கார மாட்டாது என்று நினைத்த பிள்ளை உட்காரவும் சில நேரம் நடக்கவும் முடியும். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே நடக்கிறது. ஆனால் கருவி வைத்தவுடன் குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அந்த அலைச்சலில்தான் எங்கள் குடும்பங்கள் உடைகின்றன.

எங்கள் மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. பயிற்சிக்கும் அங்கேதான் போகிறோம். குப்பத்திலிருந்து பழவேற்காடு, அங்கிருந்து பேருந்தில் பொன்னேரி. ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் வந்து அரக்கோணம் பாதைக்கு வண்டி மாற வேண்டும். பேருந்தில் போனாலும் ஒரு பகல் போய்விடும். கழுத்து நிற்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலும் கூட்ட பஸ்ஸிலும் அப்படிப் போகும் நாளில், தாய்க்கு மீன் விற்ற காசும் இல்லை, ஏரியில் இறால் பிடித்த காசும் இல்லை. துணைக்கு அப்பா வந்தால் அன்றைக்கு அவரும் தொழிலுக்குப் போக முடியாது. ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்து குறைந்துபோன காலங்களில் இந்த ஒரு நாள் செலவுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிறகென்ன, வாரம் ஒரு நாள் என்றிருந்த பயிற்சி மாதம் ஒரு நாளாகி, அப்புறம் நின்றேவிடுகிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவுசார் குறைபாடுள்ளோருக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் சேரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் வாசல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்தான். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருகிறார்கள். வயது ஏறியதும் மறுபடி மதிப்பீடு, மறுபடி அதே பயணம்.

பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உதவித்தொகையில் பராமரிப்புக்கு ஒரு பங்கு, போக்குவரத்துக்குத் தனியாக ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார்கள். போய் வரும் செலவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் ஊரிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால், தொழில் நிற்கிறதே என்று மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறோம். பிள்ளைக்காகத் தொழிலை விட்ட தாய்க்கு வருடம் முழுக்கத் தடைக்காலம். அவளுக்கு என்ன நிவாரணம்?

ஆகவே கேட்கிறோம். மீனவ கிராமப் பஞ்சாயத்தாரே, நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்று ஏரியில் முறைவைத்துப் பாடு பிரித்துக்கொள்ளும் வழக்கம் நம்முடையது. ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து இந்தக் குழந்தைகளின் பயணச் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் தொழில் நடத்தும் நிறுவனத்தாரே, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதிலும் தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. குழந்தைகளை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும், பழவேற்காட்டில் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பிசியோதெரபிஸ்டும் கொடுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமங்களில் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகிறது. அங்கே நடப்பது இங்கேயும் நடக்கும்.

மாவட்ட நிர்வாகம் சான்றிதழ் முகாமைப் பழவேற்காட்டிலேயே நடத்த வேண்டும். குறைபாடு கண்டறியப்பட்ட மாதத்திலிருந்தே உதவித்தொகையும், பயிற்சிக்குப் போய்வரும் செலவும் தர வேண்டும். இதற்கான மனுவை கிராமசபையில் வைக்கப்போகிறோம். வந்து கை தூக்குங்கள்.

படித்த தம்பி தங்கைகளே, உங்கள் கைப்பேசியில் அரை மணி நேரம் செலவிட்டால் ஒரு குடும்பத்தின் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பத்தைப் பதிந்துவிடலாம். பெரியவர்களே, "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், இந்த வாரமே அங்கன்வாடி ஆசிரியரிடமோ கிராமச் செவிலியரிடமோ சொல்லுங்கள். அந்தத் தாய் திருவள்ளூருக்குக் கிளம்பும் முதல் நாள் பஸ் செலவை நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
மீஞ்சூர், பழவேற்காடு வட்டாரப் பெற்றோர்கள்