அறுந்த கண்ணாடி நார் எங்கே?

குடிதண்ணீர்க் குழாய் போட ரோடு ஓரத்தில் பள்ளம் தோண்டுகிறார்கள். மண் அள்ளும் யந்திரம், கறுப்புக் கேபிளையும் சேர்த்து இழுத்து விடுகிறது. பக்கத்துக் கிராமத்தில் இன்டர்நெட் நின்று விடுகிறது! பஞ்சாயத்து ஆபீசில் ரசீது போட முடியவில்லை. பென்ஷன் வாங்க வந்த கிழவி, கைரேகை வைக்கக் காத்து நிற்கிறாள்.

கேபிளுக்குள் இருப்பது தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி நார். அதன் வழியே ஒளி ஓடுகிறது. சுமார் 2½ லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இதைக் கொண்டுபோக 2011-ல் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. அதுதான் "பாரத்நெட்". தமிழ்நாட்டின் பங்கு 12,525 பஞ்சாயத்துகள்.

கேபிள் புதைப்பது பாதி வேலை. அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது மீதி வேலை.

கிணற்றில் கூவுவது போல!

கிணற்றில் கூவினால் குரல் திரும்பி வருகிறது அல்லவா? அதே தந்திரம்தான். ஓ.டி.டி.ஆர். என்ற கருவி நாருக்குள் பளிச்சென்று ஒளியை அனுப்புகிறது. வழி நெடுக, கொஞ்சம் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்து ஒன்றும் வராது.

நாருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். ஒரு வினாடியை 10 லட்சம் பங்கு போட்டால், அதில் 50 பங்கு நேரத்தில் கடைசி ஒளி திரும்புகிறது என்று வைத்துக் கொள்வோம். போக 5, வர 5. அறுந்தது 5-வது கிலோ மீட்டரில்!

அங்கே தோண்டினால் கேபிள் நன்றாகவே இருக்கும்! ஏன்? ஒட்டுப் போட்ட இடங்களில் கேபிளைச் சுருட்டி, உபரியாக வைத்திருப்பார்கள். ரோட்டு நீளம் வேறு, கேபிள் நீளம் வேறு. எங்கே எத்தனை மீட்டர் சுருட்டியது என்ற கணக்கு இல்லாவிட்டால், விலை உயர்ந்த கருவியும் வெறும் டார்ச் லைட்டுதான்.

சிவப்பு விளக்கு

வீடுகளுக்குப் பிரியும் இடத்தில் தொல்லை அதிகம். ஒரு நார் 32 வீடுகளுக்குக்கூடப் பிரியும். ஆபீசில் இருந்து பார்த்தால், எல்லா வீட்டு எதிரொலியும் ஒன்றாய்க் குழம்பும். ஆகவே, வீட்டுப் பெட்டியைக் கவனிக்கிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் சிவப்பு விளக்கு மின்னினால், கோளாறு அந்தக் கிளையில். 32 வீட்டிலும் மின்னினால், பிரியும் இடத்திலோ அதற்கு முன்னாலோ.

2023 மார்ச்சில், "தோண்டும் முன் சொல்லுங்கள்" என்ற கருத்தில் ஒரு செல்போன் செயலியை மத்திய சர்க்கார் வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. யந்திரம் ஓட்டுகிறவருக்கு அது தெரிய வேண்டுமே! அதே ஆண்டு ஆகஸ்டில் பாரத்நெட்டைச் சீர்திருத்தச் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. 10 ஆண்டுப் பராமரிப்பும் இதில் அடங்கும். கேபிளை வளையமாகப் போட்டு, ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாக ஒளி போகும்படி செய்வதும் திட்டம்.

ஆனால், வளையம் பஞ்சாயத்து வரைதான். அங்கிருந்து வீட்டுக்குப் போவது ஒற்றை நார். அது அறுந்தால், ஆள் வந்து ஒட்டும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.